கக்கத்துச் சூட்டில் எரிந்த விளக்கு

கொல்லிமலைக் குளிரை மறந்து போக, கொல்லிமலையில் பிறந்த ஒருத்தியால்தான் முடியும். வெளியூர்க்காரர்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ் ஏறி முடிப்பதற்குள் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கன்னம் வைக்கப் போகிறவர்களைப் போலச் செம்மேட்டில் இறங்குவார்கள். பானுமதி இறங்கியபோது அவள் மேல் ஒரு மெல்லிய பருத்திச் சுடிதார் இருந்தது. கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. முகத்தில் கொஞ்சம் அதிகப்படியான பெருமை. தை மாதம் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

பெட்டிக்குள் எட்டு பேட்டரி செல்கள் பஞ்சில் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், எஃகு உடம்பு. சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாக அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லித்தியம், கரியமில வாயு பேட்டரிகள் அவை. நாம் மூச்சாக வெளியே தள்ளும் அதே வாயுவைச் சிறைபிடித்து, லித்தியத்தோடு சேரவிட்டு, அந்தச் சேர்க்கையில் மின்சாரம் கறப்பது அவள் வேலை. கறவை மாடு மாதிரியே சில நாள் கொடுக்கும், சில நாள் உதைக்கும்.

இந்த எட்டையும் அவள் மலைக்குக் கொண்டு வந்ததற்குக் காரணம் அவள் அப்பா மாரப்பனின் வாய்.

மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த தொகுதி. ஆலத்தூர் நாட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் விளைவிக்கிற குடும்பம் அது. பழைய வீட்டின் கூரையில் ஓட்டை எது, ஓடு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மழைக்காலத்தில் அவள் அம்மா பாப்பாயி வலது கையில் கரண்டியும் இடது கையில் குடையுமாகத்தான் சமைப்பாள். ரசத்தில் மழைத் தண்ணீர் சேர்ந்ததா, மழைத் தண்ணீரில் ரசம் சேர்ந்ததா என்று அப்பா கேலி செய்வார். சிரித்துக்கொண்டே கேலி செய்தாலும் அவருக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து, பக்கத்திலேயே காங்கிரீட் கூரை போட்டு ஒரு புது வீடு கட்டி முடித்துவிட்டார். சமையலறையை மட்டும் மற்ற அறைகளைவிடப் பெரிதாகக் கட்டினார்.

புது வீடு புகுவதற்கு அவர்கள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. வீட்டுப் பெண்பிள்ளை பொழுது கிளம்புவதற்கு முன் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே அடுப்பு மூட்டிப் பால் வைக்கலாம். பால் பொங்கி வழிகிற வரைக்கும் விளக்கு அணையக் கூடாது. அணைந்து போனாலோ, பொழுது கிளம்புவதற்குள் ஏற்ற முடியாமல் போனாலோ, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த தை வரைக்கும் பழைய வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். எந்த விளக்கு என்பதையும் முன்னாலேயே கோயிலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். சொன்ன விளக்கை மாற்றக் கூடாது. இதெல்லாம் ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறலாமா என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

மாரப்பன் கோயிலில் போய் மண் அகல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பத்துப் பேரைப் பார்த்ததும் அவருக்கு மகள் ஞாபகம் வந்துவிட்டது.

"என்ற புள்ள செஞ்ச பேட்டரியில எரியற வெளக்குத்தானுங்க எங்க ஊட்டுக்கு முதல் வெளக்கு" என்று அறிவித்துவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்திருந்தார் குண்டூர் நாட்டுக் குப்புசாமி. பாப்பாயிக்கு அண்ணன், பானுமதிக்குத் தாய்மாமன். "சொன்னது சொன்னதுதான் மாப்ள. அப்புறம் கம்பி இல்ல, கரண்டு இல்லன்னு சாக்குச் சொல்லக் கூடாது பாத்துக்க" என்றார்.

குப்புசாமி அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. அவர் வீடு கட்டிப் புகுந்த அன்று, பால் பொங்கப் பொங்க ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டது. மனிதர் கதவைச் சாத்தினார். பழைய வீட்டை அதற்குள் பிரித்துவிட்டிருந்ததால் மனைவி பொன்னாயியோடு மாட்டுக்கொட்டாயில் ஒரு வருஷம் குடித்தனம் நடத்தினார். அன்றிலிருந்து அந்தக் கட்டுக்குக் காவல்காரர் அவர்தான். தான் பட்ட பாட்டை அடுத்தவர் படாமல் தப்பித்தால் அது அவருக்குத் தாங்காது.

வீட்டுக்கு வந்து மாரப்பன் சேதி சொன்னதும் பாப்பாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, ஒரு அகல் வெளக்குன்னு சொல்லிப்போட்டு வரக் கூடாதா? அந்த வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

"உன்ற மகளை நம்பு புள்ள."

"அவளை நம்பறேனுங்க. மழையத்தான் நம்ப முடியல."

இதைத் தொலைபேசியில் கேட்டபோது பானுமதிக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் அடுப்பங்கரை இப்போது தன் கையில் இருக்கிறது என்று புரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் அப்போது இரண்டு வகைச் செல்கள் தயாராக இருந்தன. இரண்டிலும் லித்தியம் ஒன்றுதான், வாயு ஒன்றுதான், வாயு வந்து தங்குகிற நுண்துளைக் கரித்தாளும் ஒன்றுதான். நடுவில் ஊற்றியிருந்த எலக்ட்ரோலைட் மட்டும் வேறு. லித்தியம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போகிற திரவம் அது. கூட வேலை செய்யும் ஜீவானந்தம் டெட்ராகிளைம் என்ற திரவத்தின் கட்சி. பானுமதி டி.எம்.எஸ்.ஓ. கட்சி.

இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. லித்தியமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் மின்சாரத்தோடு வெள்ளையாக ஒரு படிவும் வரும். டெட்ராகிளைம் லித்தியத்தை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. அதனால் படிவு கரித்தாளின் மேலேயே பூசினாற்போல ஒட்டி, துளைகளைச் சீக்கிரம் அடைத்துவிடும். பேட்டரிக்கு மூச்சு முட்டிப் போகும். டி.எம்.எஸ்.ஓ. லித்தியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். படிவு திரவத்திலேயே திரண்டு குருணை குருணையாக ஒதுங்கும். துளைகள் திறந்தே இருக்கும், மின்சாரமும் தாராளமாக வரும். டெட்ராகிளைமைவிட அது நீர்த்ததும்கூட, அதனால் வேகமும் அதிகம். ஆனால் நாளாக நாளாக லித்தியத்தையே அரிக்கிற கெட்ட புத்தியும் அதற்கு உண்டு. அது பல தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினால்தானே, ஒரு பால் பொங்குகிற நேரத்துக்கு என்ன வந்துவிடும் என்று பானுமதி நினைத்தாள்.

"ஊர்ல காட்டறதுக்கு டெட்ராகிளைம் செல்லை எடுத்துட்டுப் போ பானு. அது சொன்ன பேச்சு கேக்கும்" என்றான் ஜீவானந்தம். சேந்தமங்கலத்துப் பக்கம் மலையடிவாரத்தில் வெங்காயம் போடுகிற குடும்பத்துப் பையன். எதிலும் நிதானம்.

"அதோட வெளிச்சத்துல பால் பொங்குச்சா திரிஞ்சுச்சான்னே தெரியாது. மூணு நாட்டுச் சனமும் வந்து பாக்கறப்ப மின்மினிப் பூச்சியவா காட்டறது?"

"மின்மினி எங்கேயும் பறக்கும். உன் டி.எம்.எஸ்.ஓ. ஆளைப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியாது."

அவள் கேட்கவில்லை. டெட்ராகிளைம் செல்கள் சேலத்திலேயே தங்கின.

வந்து இறங்கிய அன்று மாலை, வெயில் இருக்கும்போதே புது வீட்டில் ஒத்திகை பார்த்தாள். பலாக்கட்டையில் மாரப்பன் தானே குடைந்து வைத்திருந்த விளக்குத் தண்டின் தலையில் எல்.இ.டி. மணிகளை வட்டமாகப் பதித்தாள். எட்டு செல்களையும் வரிசையாக ஒன்றோடொன்று கோத்தாள். ஒன்று படுத்தால் எட்டும் படுக்கும் என்பதால் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பொத்தானைத் தட்டியதும் வெள்ளை வெளேர் என்று எரிந்தது பாருங்கள், மாரப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்ததில் எங்கெங்கே திட்டு விட்டிருக்கிறது என்பதுவரை தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி ஓடிப் போய் அவள் வீட்டு ஆட்களையெல்லாம் கூட்டி வந்தாள்.

காலையில் சுலபமாக இருக்கட்டும் என்று செல்களைப் பெட்டியில் போடாமல் அங்கேயே சிமெண்டுத் தரையில் விட்டுவிட்டு, பானுமதி பழைய வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

விடிவதற்கு முன் வாசல் நிறையச் சனம். பைல் நாட்டிலிருந்து பெரியப்பா வழியினர் வந்திருந்தார்கள். களத்தில் மூட்டிய தீயைச் சுற்றி எல்லாரும் வாயில் புகை விட்டுக்கொண்டு நின்றார்கள். குப்புசாமி கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புது வீட்டுத் திண்ணையில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். புது வீட்டுக்குள் வேறு வெளிச்சம் வரக் கூடாது என்று செல்போன்களைக்கூட அணைக்கச் சொல்லிவிட்டார்.

பானுமதி கும்பிட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி தட்டினாள். கம்பிகளை அமுக்கினாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். விளக்கோடு சேர்க்காதபோது முள் கொஞ்சம் எழும்பியது. சேர்த்ததும் செத்த பாம்பு மாதிரி விழுந்துவிட்டது. ஒரு செல் கெட்டிருந்தால் தேடிப் பிடிக்கலாம். எட்டும் சேர்ந்து ஒரே ராத்திரியில் எப்படிச் சாகும்? வாயு கசிந்திருக்குமோ? எட்டிலுமா?

"என்ன கண்ணு?" என்றார் மாரப்பன் மெதுவாக.

"ஒண்ணுமில்லப்பா. பழைய ஊட்டுல கம்பியக் கவ்வற கிளிப்பு இருக்குது. எடுத்துட்டு வாரேன்."

"பொழுது கிளம்ப இன்னும் நேரம் கிடக்குது. பதறாத" என்றார் குப்புசாமி. அந்த ஆறுதலில் அவளுக்குக் காது மடல் சூடானது.

பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் பானுமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிளிப்பு எதற்கும் உதவாது என்று அவளுக்குத் தெரியும். தன் பெருமைக்காக அம்மாவை இன்னொரு வருஷம் குடைக்குள் உட்கார வைக்கப்போகிறோம் என்று நினைக்க நினைக்கத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பாப்பாயி பால் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டா வெளக்கு ஏத்தற? உக்காரு, ஒரு சீவு சீவி உடறேன்."

"அம்மா, இப்பவா..."

"ஒரு நிமிசம் சாமி."

பாப்பாயி மாடத்திலிருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பாட்டிலை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் சீப்பை எடுத்து மகளின் சிக்கை விடுவிக்க ஆரம்பித்தாள். மலையில் மார்கழி, தை முழுக்க எல்லாப் பெண்களும் விடியற்காலையில் செய்கிற காரியம்தான் அது. பானுமதியும் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எத்தனையோ நாள் செய்தவள்தான்.

அவள் திரும்பி அம்மாவின் கக்கத்தையே பார்த்தாள்.

டி.எம்.எஸ்.ஓ. புட்டியின் ஒட்டுத்தாளில் அச்சடித்தே இருக்கும், பதினெட்டரை டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்று. உப்பு கரைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் நேற்று ராத்திரிச் சிமெண்டுத் தரை அந்தத் தாங்கலையும் தாண்டிக் குளிர்ந்திருந்தது. சேலத்தில் நாலு வருஷத்தில் அந்தப் புட்டி ஒரு நாளும் உறைந்து அவள் பார்த்ததில்லை. அங்கே உறைய என்ன இருக்கிறது, மனுஷனே உருகுகிற ஊர். செல்கள் சாகவில்லை. உள்ளே திரவம் கல்லாகிவிட்டது. லித்தியம் நீந்த வழியில்லாமல் கரையிலேயே நிற்கிறது.

"அம்மா! உறைஞ்சு போச்சும்மா!" என்று கத்தினாள்.

"எண்ணெய்தானே. இப்ப உருகிரும். அதுக்கு ஏன் இப்படிக் கத்தற?"

பானுமதி அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். பாதி சீவிய தலையோடு ஓடினாள். பின்னாலேயே பாப்பாயி, கக்கத்தில் பாட்டிலோடும் கையில் சீப்போடும் ஓடினாள்.

சேதியைக் கேட்டதும் களத்தில் ஆளுக்கொரு யோசனை. தீயில் காட்டலாம் என்றார்கள். கொதிக்கிற தண்ணீரில் போடலாம் என்றார்கள்.

"ஐயோ, வேண்டாம்! உள்ள இருக்கறது லித்தியமுங்க. தண்ணி பட்டா அதுவே தீப்புடிக்கும். நெருப்புல காட்டினா மூடியில இருக்கற ரப்பர் இளகிரும்" என்று பானுமதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "எவ்வளவு சூடு போதும்னு தீக்குத் தெரியாது. நம்ம உடம்புக்குத் தெரியும். எட்டுப் பேரு வேணும். ஆளுக்கு ஒண்ணு கக்கத்துல வெச்சுக்கணும்."

முதலில் கலைச்செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்பு களம் முழுக்கப் பரவியது.

குப்புசாமி சிரிக்கவில்லை. "கக்கத்துல வெச்சு வெளக்கு ஏத்தறது எந்த ஊரு முறை? சொன்ன வெளக்கு எரியலன்னா எரியலதான்."

பொன்னாயி முன்னால் வந்தாள். புருஷனிடம் இரைந்து பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்கும் இரையவில்லை.

"ஏனுங்க, வெளக்குல எண்ணெய் உறைஞ்சு போனா நாம உருக்கித்தானே ஊத்தறோம்? அதுக்குள்ளார இருக்கறதும் ஒரு எண்ணெயாட்டந்தானே? சொன்ன வெளக்கு அதேதான். எண்ணெய உருக்கறாங்க, அவ்வளவுதான். இதுக்கும் கதவைச் சாத்தோணும்னா, அந்த மாட்டுக்கொட்டாயில இந்தத் தடவை நீங்க மட்டும் போய்ப் படுத்துக்கோங்க."

குப்புசாமி கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் விட்டுப் போயிருந்த கம்பிச் சுருளிலிருந்து பானுமதி நீளம் நீளமாக வெட்டினாள். புது வீட்டுக் கூடத்தில் விளக்குத் தண்டை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆட்களை உட்கார வைத்தாள். மாரப்பன், பொன்னாயி, கலைச்செல்வி, பைல் நாட்டுக்காரர்கள் நாலு பேர். ஆளுக்கொரு செல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். செல்லுக்குச் செல் கம்பி ஓடியது. சாயங்காலம் பட்டியில் கட்டிய ஆடுகள் மாதிரி எல்லாரும் ஒரே கயிற்றில் மாட்டிக்கொண்டார்கள்.

"யாரும் கையத் தூக்கக் கூடாது. தும்மறதா இருந்தாச் சொல்லிட்டுத் தும்முங்க."

"கூசுது கண்ணு" என்றார் பைல் நாட்டுப் பெரியப்பா.

"பொறுத்துக்கோங்க பெரீப்பா. உங்களுக்குப் பொங்கல் ரெண்டு கரண்டி கூட."

எட்டாவது செல் அவள் கையில் மிச்சமிருந்தது. அவளே வைத்துக்கொண்டால் மீட்டரைப் பிடிக்கவும் கம்பி பார்க்கவும் கை இருக்காது. பாப்பாயி அடுப்படிக்கு வேண்டும். வாசலில் இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். ஆனால் பானுமதி நேராகத் தாய்மாமன் முன்னால் போய் நின்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"மாமா, வாங்க."

பொன்னாயி வட்டத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். குப்புசாமி எழுந்து வந்து உட்கார்ந்து செல்லை வாங்கிக்கொண்டார்.

செல்கள் சூடேறும் வரைக்கும் எல்லாரும் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே வானம் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. பானுமதி பொத்தானில் விரலை வைத்து, மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டுத் தட்டினாள்.

விளக்கு லேசாக மினுங்கி ஒரு கணம் தயங்கியது. பிறகு பளிச்சென்று எரிந்தது.

"எரிஞ்சிருச்சு!" என்று மாரப்பன் குதிக்கப் போனார். "அப்பா, கை!" என்று பானுமதி அலறியதும் அப்படியே உட்கார்ந்து, பல்லை மட்டும் காட்டினார். வாசலில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். பாப்பாயி புது அடுப்பில் விறகை வைத்துப் பற்ற வைத்து, பானையை ஏற்றிப் பாலை ஊற்றினாள்.

விறகு பனியில் நனைந்திருந்தது. புகைந்ததே தவிர எரியவில்லை. பாப்பாயி ஊதினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சமையலறை வாசல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. பால் அசையாமல் கிடந்தது.

விளக்கு மங்க ஆரம்பித்தது.

முதலில் பானுமதி தன் கண் செய்கிற கோளாறு என்று நினைத்தாள். சுவரில் இருந்த நிழல்கள் கரைவதைப் பார்த்ததும் மீட்டரை எடுத்தாள். மாரப்பனிடம் போனாள், சரியாக இருந்தது. பொன்னாயி, சரி. கலைச்செல்வி, சரி. குப்புசாமியிடம் வந்ததும் முள் சரிந்தது.

அவர் செல்லைக் கக்கத்தில் வைத்திருக்கவில்லை. முன்னால் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கியவர், எரிந்துவிட்டதே என்று கையை வெளியே எடுத்து, திறந்த உள்ளங்கையில் வைத்து முழங்கால் மேல் நீட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றா, கை மரத்துப் போயா, அவளுக்குப் புரியவில்லை. விடியற்காலைக் காற்று அந்த எஃகின் மேல் வீசிக்கொண்டிருந்தது.

"மாமா, உங்களுதுதான் ஆறுது" என்றாள்.

குப்புசாமி அசையவில்லை. அவர் விளக்கையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பானுமதியும் திரும்பிப் பார்த்தாள்.

பாப்பாயி அடுப்புக்கு நேராக உட்காரவில்லை. அவ்வளவு பெரிய சமையலறையில் ஓரமாக ஒடுங்கி, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பழைய வீட்டில் ஒழுகுகிற இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்வாளே, அதே மாதிரி. வலது கை ஊதுகுழலைப் பிடித்திருந்தது. இடது கை தலைக்கு மேல் உயர்ந்து, இல்லாத குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

குப்புசாமி கம்பளியை விலக்கினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, பனியனுக்குள் கையை விட்டு, செல்லைக் கக்கத்தில் வெறும் தோலோடு தோலாக வைத்து இறுக்கினார். அதன் சில்லிப்பில் ஒரு தடவை உடம்பு உதறியது. மேலே கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

"எரியட்டும்" என்றார். "என்ற தங்கச்சி இன்னொரு மழைக்கு அங்க இருக்க வேண்டாம்."

விளக்கு உடனே ஏறவில்லை. இன்னும் ஒரு சுற்று மங்கி, நூல் அளவு வெளிச்சத்தில் நின்றது. பெரியப்பா தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் திரும்பி வந்தது. குப்புசாமியின் முகத்தில் அது விழுந்தபோது அவர் கண் ஈரமாக இருந்ததைப் பானுமதி பார்த்தாள். பார்க்காதது போல மீட்டரைப் பார்த்தாள்.

விறகு குப்பென்று பிடித்தது. பால் முனகியது, நுரைத்தது, பானையின் கழுத்துக்கு ஏறியது. வழிந்து அடுப்பில் விழுந்து சுர்ரென்றது.

"பொங்கிருச்சு!" என்று பாப்பாயி கூவினாள்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கம்பி அறுந்தது, விளக்கு அணைந்தது, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாரப்பன் கம்பியில் கால் மாட்டிப் பெரியப்பாவின் மேல் விழுந்தார். பெரியப்பா அடக்கி வைத்திருந்த தும்மலையெல்லாம் சேர்த்துத் தும்மினார். குப்புசாமி மட்டும் கையை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பொன்னாயி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போதுமுங்க, எடுங்க" என்று சொன்ன பிறகுதான் கையைத் தளர்த்தினார்.

பொழுது கிளம்பியதும் பானுமதி சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போய் ஜீவானந்தத்தைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். நியாயமான சிரிப்புத்தான்.

"மலையில பொறந்துட்டு..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும். சொல்லாத. இங்க எல்லாரும் ஒரு ரவுண்டு சொல்லி முடிச்சுட்டாங்க."

"சரி, இனிமே டெட்ராகிளைமா?"

"தனியா அது வேண்டாம். உன்னுது பாதி, என்னுது பாதி கலந்து பாக்கலாம். குளிருல உறையாம இருக்கறதுக்கு நீ. வெளிச்சத்துக்கு நான்."

"கலக்கலாம்" என்றான் ஜீவானந்தம். அவன் குரலில் நிதானம் கொஞ்சம் குறைந்திருந்தது. பானுமதிக்கு முகத்தில் வெயில் இதமாகப் பட்டது.

திரும்பி வந்தபோது களத்தில் சாமைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மூன்றாவது கரண்டிக்கு இலையைக் காட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் பாப்பாயி தனியாக நின்றாள். அடுப்போரமாக வைத்திருந்த, உருகிப் போன தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து, புது அலமாரியில் முதல் பொருளாக வைத்தாள். பிறகு அறையின் நட்டநடுவில் போய் நிமிர்ந்து நின்று, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். இரண்டு கையும் சும்மா தொங்கின.

"என்னம்மா பாக்கற? தையில எங்க மழை?" என்றாள் பானுமதி.

"பெய்யட்டும் கண்ணு" என்றாள் பாப்பாயி. "இனிமே எப்ப வேணும்னாலும் பெய்யட்டும்."